குமரி கரையோரமா: கையில குடுத்த காசு பத்து வருஷம் கழிச்சு எங்க நிக்குது?

வெள்ளி, நாகர்கோவில்

ஊர் சுத்தி பாக்க வந்த பயணம் இல்ல இது, அதனால விவேகானந்தர் பாறை, சூரிய உதயம் எல்லாம் இதுல வராது. நான் கணக்கு பாக்குற ட்ரஸ்ட் திருநெல்வேலி பக்கம் இருக்கு, சின்ன ட்ரஸ்ட், வருஷா வருஷம் கொஞ்சம் ஏழை குடும்பங்கள எடுத்து தையல் மெஷின், வெள்ளாடு, கிரைண்டர்னு எதாவது வாங்கி குடுப்போம். இந்த வருஷம் அதுக்கு பதிலா அந்த பணத்தையே நேரா அவங்க அக்கவுண்ட்ல போட்டுட்டா என்னன்னு நான் கேட்டேன். கேட்டதும் கமிட்டி ரெண்டு கட்சி ஆயிடுச்சு. அதுல ஒரு பெரியவர், நல்ல மனுஷன், ட்ரஸ்டுக்காக இத்தன வருஷம் ஓடியாடி உழைச்சவர், "ஒரு மாசம் நல்லா இருக்கும்மா, அடுத்த மாசம் பழைய குருடி கதவைத் திறடி தான்"னு சொல்லிட்டார்.

அவர் சொன்னத சும்மா தள்ள முடியாது. குடுத்த மாசம் என்ன ஆகும்ங்கிறது எல்லாருக்கும் தெரியும், அரிசி வாங்குவாங்க, கடன் அடைப்பாங்க. அஞ்சு வருஷம் பத்து வருஷம் கழிச்சு அந்த பணத்தோட தடம் எதாவது மிச்சம் இருக்குமா? அத பாக்க குமரி மாவட்டம் மாதிரி ஒரு இடம் கிடைக்கிறது கஷ்டம். 2004 சுனாமி, 2017 ஒக்கி புயல், ரெண்டு தடவையும் இந்த கரையில மொத்தமா பணம் வந்து இறங்கியிருக்கு, இன்னொரு பக்கம் முதியோர் பென்ஷன், 2023 செப்டம்பர் 15ல ஆரம்பிச்ச மகளிர் உரிமைத் தொகை 1000 ரூபாய்னு மாசா மாசம் வர்ற பணமும் இருக்கு. ரெண்டையும் வாங்குனவங்க ஒரே தெருவுல இருக்காங்க.

பார்வதிபுரத்துல காலேஜ் ஃப்ரெண்ட் வீட்டுல தங்கியிருக்கேன். ராத்திரி சாப்பிடும்போது அவ மாமனார் முதல்ல கேட்டது எல்லாரும் கேக்குற கேள்வி, "பைசாவ குடுத்தா குடிச்சு அழிக்க மாட்டானுவளா மக்ளே?" இதுக்கு பதில் ரொம்ப நாளாவே இருக்கு. டேவிட் எவன்ஸ், அன்னா போபோவான்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் பல நாட்டுல நடந்த 19 ஆய்வுகள அலசி பாத்தாங்க, பணம் குடுத்ததால சாராயம் சிகரெட் செலவு கூடுச்சுன்னு மொத்தத்துல காணல. உக்காந்து தின்னு சோம்பேறி ஆயிடுவாங்கன்னு அடுத்த பேச்சு, அதுக்கு அபிஜித் பானர்ஜியும் கூட இருந்தவங்களும் 6 நாட்டுல 7 திட்டத்த எடுத்து பாத்தாங்க, வேலை செய்யுறது குறைஞ்சதா காணல. மாமனார் முழுசா நம்பல, ஆனா அமைதியா கேட்டார். அவர் இளவயசுல ரேஷன் கடையில இருந்தவராம், ஏழை ஜனம் காச எப்படி எண்ணி எண்ணி செலவழிக்கும்னு அவருக்கே என்னை விட நல்லா தெரியும்.

சனி, குளச்சல்

காலையில அண்ணா பஸ் ஸ்டாண்ட்ல இருந்து பஸ். கரைக்கு போய் சேரும்போது ஏலம் முக்கால்வாசி முடிஞ்சிருந்துச்சு, சாளை மீன் குவியல் குவியலா கெடக்கு, ஐஸ் தூள் காலுக்கடியில நொறுங்குது, ஏலம் கூப்பிடுறவர் ஒரு மூச்சுல பத்து விலை சொல்றார், யாரு எப்ப தலையாட்டுறாங்கன்னே எனக்கு பிடிபடல.

ஃப்ரெண்டு சொல்லி வச்சிருந்த ஒரு அக்காவ பாத்தேன், அம்பது வயசு தாண்டியிருக்கும், மீன் வாங்கி உள்நாட்டு ஊருங்களுக்கு கொண்டு போய் வீடு வீடா விக்கிறவங்க. வீட்டுக்கு கூட்டிட்டு போனாங்க. முன்ரூம்ல டிவி ஒரு உயரமான பெட்டி மேல இருந்துச்சு, பூ போட்ட துணி தரை வரைக்கும் தொங்குது. சாயா குடிச்சிட்டு இருக்கும்போது குட்டி பேரன் துணிய இழுத்துட்டான், அடியில தையல் மெஷின். இரும்பு மிதி துருவேறி, சக்கரத்துல பெல்ட் கூட இல்ல. சுனாமிக்கு பொறவு ஒரு அமைப்பு குடுத்ததாம். "எனக்கு தைக்க தெரியாதுன்னு அப்பவே சொன்னேன் பிள்ளே, எல்லாருக்கும் இது தான்னு சொல்லிட்டு வச்சிட்டு போயிட்டாவ." இருபது வருஷமா டிவி ஸ்டாண்டு. இத போட்டோ எடுத்துக்கிட்டேன், கமிட்டிக்கு காட்டணும்.

சுனாமி நேரத்துல இந்த கடற்கரை முழுக்க நடந்தது இது தான், உதவி பண்ண வந்தவங்க எல்லாரும் ஒரே மாதிரி ஃபைபர் வள்ளம் வாங்கி குடுத்து பல இடத்துல தேவைக்கு மேல வள்ளம் ஆயிடுச்சு. மனசு நல்ல மனசு தான், ஆனா வாங்குறவங்க கிட்ட யாரும் கேக்கல.

அதே அக்காவுக்கு அப்பவே ரொக்கமாவும் கொஞ்சம் கிடைச்சுது. அது எங்க போச்சுன்னு கேட்டேன். "அவருக்க எஞ்சின்ல போட்டோம்." அவங்க மீன் வியாபாரத்துக்குன்னு குடுத்த காசு, வீட்டுக்காரர் வள்ளத்துக்கு எஞ்சினா மாறிடுச்சு. அந்த எஞ்சின் எட்டு வருஷத்துக்கு மேல ஓடுச்சு, அந்த வருமானத்துல தான் மூத்த பொண்ண கட்டிக் குடுத்திருக்காங்க.

இத கேட்டதும் எனக்கு இலங்கை ஆய்வு தான் ஞாபகம் வந்துச்சு, இந்த கடலுக்கு அந்தப் பக்கம் நடந்தது. சுரேஷ் டி மெல், டேவிட் மெக்கென்சி, கிறிஸ்டோபர் வுட்ரஃப் மூணு பேரும் 2005ல களுத்துறை, காலி, மாத்தறை மாவட்டங்கள்ல சின்ன சின்ன தொழில் பண்றவங்கள்ல குலுக்கல்ல எடுத்து 10,000 இல்ல 20,000 இலங்கை ரூபாய், பாதி பேருக்கு காசா, பாதி பேருக்கு அந்த மதிப்புக்கு பொருளா குடுத்தாங்க, திருப்பி குடுக்க வேண்டாம், ஒரே ஒரு தடவ. அஞ்சு வருஷம் கழிச்சு போய் பாத்தா ஆம்பளைங்க நடத்துன தொழில்ல மாசம் 8ல இருந்து 12 டாலர் வரைக்கும் லாபம் கூடுதலா நிக்குது, தொழில் மூடாம நிக்கிறதும் நூத்துக்கு பத்து பேர் அளவுக்கு கூடுதல். ஒரு தடவ குடுத்த 100, 200 டாலருக்கு அஞ்சு வருஷம் கழிச்சும் இந்த பலன்னா அது சின்ன விஷயமே இல்ல. ஆனா பொம்பளைங்க நடத்துன தொழில்ல ஒண்ணும் நிக்கல.

அந்த கடைசி வரிய பிடிச்சுக்கிட்டு நிறைய பேர் பொம்பளைங்களுக்கு குடுத்தா வேஸ்ட்டுன்னு சொன்னாங்க. 2019ல ரோகிணி பாண்டே, எரிகா ஃபீல்டு இன்னும் ரெண்டு பேரு சேர்ந்து இந்தியா, இலங்கை, கானா கணக்குகள திரும்ப எடுத்து பாத்தாங்க, பாத்தா பொம்பளை கையில குடுத்த பணம் வீட்டுல இருக்குற இன்னொரு தொழிலுக்கு, பெரும்பாலும் புருஷன் தொழிலுக்கு போயிருக்கு. வீட்டுல அவ தொழில் ஒண்ணு மட்டும் தான்னா அங்க லாபம் கூடத்தான் செஞ்சிருக்கு. அப்ப பணம் அழியல, அவ பேர்ல தேடுனதால கணக்குல தெரியல. குளச்சல் அக்காவோட எஞ்சின் அதே கதை. நான் அவங்க கிட்ட இத சொன்னப்ப "இதுக்கு இம்புட்டு பேரு படிச்சாவளா, என்கிட்ட கேட்டிருக்கலாமே"ன்னாங்க, உண்மையாவே கேட்டிருக்கலாம்.

ஆனா எனக்கு ஒரு விஷயம் உறுத்துது. எஞ்சின் அவர் பேர்ல, வள்ளம் அவர் பேர்ல, அவர் போன பொறவு வள்ளம் மகன் கைக்கு போயிடுச்சு, அக்கா இப்பவும் தலைச்சுமையா தான் மீன் விக்கிறாங்க. குடும்பத்துக்கு நல்லது நடந்திருக்கு, அவங்களுக்குன்னு ஒண்ணும் மிஞ்சல. வீட்டு கணக்கு கூடுனா எல்லாருக்கும் கூடுச்சுன்னு அர்த்தம் இல்ல, இத கமிட்டியில அழுத்தி சொல்லணும்.

ஞாயிறு, முட்டம்

இன்னைக்கு பெருசா ஒண்ணும் இல்ல. ஞாயித்துக்கிழமை கடலுக்கு போக மாட்டாங்க, வலை எல்லாம் சுருட்டி கெடக்கு, பூசை முடிஞ்சு ஜனம் வெளிய வரும்போது கடற்கரை ரோடு நெறைஞ்சு போகுது. லைட்ஹவுஸ் பக்கம் பாறை மேல உக்காந்து நோட்டு எழுதுனேன். மீன்பிடி தடைக்காலத்த பத்தி ரெண்டு பசங்க கிட்ட பேசுனேன், மேற்கு கரைக்கு ஜூன் 1ல இருந்து ஜூலை 31 வரைக்கும், நிவாரணம் முன்ன 5000 இருந்தது இப்ப 8000. தொகை கூடுனதுல சந்தோஷம் தான், ஆனா அவங்க முதல்ல சொன்னது வேற, "ஜூன் மாசம் பள்ளிக்கூடம் திறக்கும்போதே கையில இருந்தா வட்டிக்கு வாங்க வேண்டாம்." ரெண்டு பேரும் தனித்தனியா இதே தான் சொன்னாங்க. எவ்வளவுங்கிறதுக்கு முன்னாடி எப்பங்கிறது வருது.

திங்கள், மார்த்தாண்டம் பக்கம்

இன்னைக்கு தான் இந்த பயணத்துலயே நான் அதிகம் கத்துக்கிட்ட நாள், கொஞ்சம் நீளமா எழுதுறேன் பொறுத்துக்கோங்க.

மார்த்தாண்டத்துல இருந்து உள்ள ஒரு ஊர்ல அண்டி ஆபீஸ் ஒண்ணு, முந்திரி ஃபேக்டரிய இங்க அப்படித்தான் சொல்றாங்க. வேலைக்கு இருக்குறது கிட்டத்தட்ட எல்லாமே பொம்பளைங்க. வறுத்த கொட்டைய தட்டி உடைக்கிறவங்க கைய பாத்தேன், ஓட்டுல இருந்து வர்ற எண்ணெய் பட்டு விரல் இடுக்கு வரைக்கும் கருத்து, தோல் உரிஞ்சு கெடக்கு, சாம்பல தொட்டு தொட்டு உடைக்கிறாங்க. "கல்யாணத்துக்கு போனா கைய சேலைக்குள்ள வச்சுக்குவோம்"னு ஒரு அக்கா சொன்னாங்க.

மதியம் சோத்து நேரத்துல, மரச்சீனி கிழங்கும் மீன் கறியும் எனக்கும் வச்சாங்க, அப்ப பேச்சு உரிமைத் தொகை பக்கம் போச்சு. பத்து பேர் சேர்ந்து ஒரு சீட்டு போடுறாங்க. 15ஆம் தேதி மெசேஜ் வரும், அடுத்த நாள் ஆளுக்கு ஆயிரம், மொத்தம் பத்தாயிரம், ஒரு பழைய பவுடர் டப்பாவுல பேரு எழுதுன துண்டு சீட்டு போட்டு குலுக்கி எடுப்பாங்க. வாங்குனவங்க ஒவ்வொருத்தரா சொன்னாங்க, ஒருத்தங்க கூரை ஷீட்டு மாத்தியிருக்காங்க, ஒருத்தங்க பணயத்துல இருந்த கம்மல மீட்டிருக்காங்க, ஒருத்தங்க வாரா வாரம் வசூலுக்கு வர்ற மைக்ரோ ஃபைனான்ஸ் கடன் ஒண்ண முடிச்சிருக்காங்க, ஒரு பொண்ணு ரெண்டு ஆடு வாங்கி இப்ப அது நாலு. தனியா ஆயிரம் ஆயிரமா செலவழிச்சிருந்தா இதுல ஒண்ணு கூட நடந்திருக்காது.

கென்யாவுலயும் அச்சு அசல் இதே நடந்திருக்கு. கிவ் டைரக்ட்லின்னு ஒரு அமைப்பு அங்க 195 கிராமத்துல மூணு விதமா பணம் குடுக்க ஆரம்பிச்சுது. ஒரு கூட்டத்துக்கு மாசம் 22 டாலர் சொச்சம் ரெண்டு வருஷத்துக்கு, இன்னொரு கூட்டத்துக்கு அதே தொகை 12 வருஷத்துக்கு, மூணாவது கூட்டத்துக்கு ரெண்டு வருஷ பணத்த சேத்து கிட்டத்தட்ட 500 டாலரா ஒரே அடியா. அபிஜித் பானர்ஜி, தவ்னீத் சூரி இவங்க எல்லாம் சேர்ந்து ரெண்டு வருஷம் போல ஆனதும் பாத்தது 2023ல வெளிய வந்துச்சு. மொத்தமா வாங்குனவங்க நிறைய தொழில் ஆரம்பிச்சாங்க, அது எதிர்பாத்தது தான். ஆனா 12 வருஷம் வரும்னு உறுதி குடுத்த கூட்டமும் அதே அளவுக்கு ஆரம்பிச்சிருக்கு, ரெண்டு வருஷ கூட்டம் அந்த அளவுக்கு ஆரம்பிக்கல. இத்தனைக்கும் அந்த நேரம் வரைக்கும் ரெண்டு கூட்டத்துக்கும் கைக்கு வந்தது ஒரே தொகை. என்ன வித்தியாசம்னா 12 வருஷ கூட்டம் நம்பி சீட்டு சேர்ந்திருக்காங்க, மாசக் காச மொத்தக் காசா மாத்தியிருக்காங்க. இனிமேயும் வரும்ங்கிற நம்பிக்கை தான் அங்க வேலை செஞ்சிருக்கு.

இத சொன்னதும் பெரிய அக்கா ஒருத்தங்க, சீட்டு நடத்துறவங்க, என் முகத்தையே பாத்துட்டு சொன்னாங்க, "அதான் மக்ளே நாங்க இருபது பேரு சீட்டு போடல்ல. இருபது மாசம் இது வருமான்னு யாருக்கு தெரியும், எலக்சன் வரும் போகும், நின்னு போனா பொறவு எனக்க கையில இருந்தா குடுக்க?" இருபது பேர் சேர்ந்தா இருபதாயிரம், ஒரு பசு மாட்டுக்கு முக்கால்வாசி காசு கிட்ட வந்திருக்கும். பயத்துல பத்தாயிரத்துல நிக்குது. நான் படிச்ச எந்த ரிப்போர்ட்லயும் இவ்வளவு தெளிவா இத யாரும் சொல்லல. ஒரு கோடிக்கு மேல பொம்பளைங்களுக்கு போற ஒரு திட்டம், அத இன்னும் இத்தன வருஷம் கண்டிப்பா வரும்னு யாராலயும் நிறுத்த முடியாத மாதிரி ஒரு சட்டமா எழுதி குடுத்தா, கூட ஒரு பைசா செலவில்லாம அந்த ஆயிரம் ரூபாயோட பலமே கூடும். எந்த கட்சி ஆட்சியில இருந்தாலும் இத செய்யணும்னு நான் மனசார நினைக்கிறேன்.

கிளம்பும்போது வாசல்ல ஒரு பாட்டி, முதியோர் பென்ஷன் வாங்குறவங்க. 2011ல 1000 ஆக்குனாங்க, 2023ல தான் 1200 ஆச்சு. நடுவுல பன்னெண்டு வருஷம். "அப்ப ஆயிரத்துக்கு மருந்தும் வாங்கி மீனும் வாங்குவேன், இப்ப மருந்து மட்டும்." தொகை மாறல, விலைவாசி மாறிடுச்சு, அப்ப குடுக்குறது வருஷா வருஷம் குறையுதுன்னு தான் அர்த்தம். பத்து வருஷ பலன பேசுறவங்க முதல்ல இத பேசணும்.

செவ்வாய், குலசேகரம்

மழை. ரப்பர் தோட்டத்துல மரத்துக்கு மரம் பிளாஸ்டிக் பாவாடை கட்டியிருக்காங்க, அப்பவும் நேத்து ராத்திரி பெய்ஞ்ச மழையில இன்னைக்கு வெட்டு இல்ல, வெட்டு இல்லன்னா கூலி இல்ல. மழைக்காலத்துல வாரத்துல ரெண்டு நாள் வேலை கிடைச்சாலே பெருசுன்னு ஒரு அண்ணன் சொன்னார். இந்த வேலை செய்யுற குடும்பத்துல மாசமா இருக்குற பொண்ணுங்களும் விடியுறதுக்கு முன்ன எழுந்து சரிவுல ஏறி இறங்கி சிரட்டையில இருந்து பால் சேக்குறாங்க, கடைசி மாசம் வரைக்கும்.

இங்க நான் கேக்க வந்தது முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவிய பத்தி. 1987ல 300 ரூபாயா ஆரம்பிச்சது, 2006ல 6000, 2011ல 12,000, 2018ல 18,000, அதுல ஒரு பங்கு சத்துப் பெட்டகமா வருது, மிச்சம் தவணையா அக்கவுண்ட்ல. ரெண்டாவது பிள்ளை பெத்த ஒரு தங்கச்சி சொன்னா, முதல் பிள்ளைக்கு தவணை வர தாமதமாகி பிரசவத்துக்கு முந்தின வாரம் வரைக்கும் பால் எடுக்க போனா, ரெண்டாவதுக்கு காசு முன்னாடியே வந்ததால ஏழாம் மாசமே நின்னுட்டா. குழந்தை எடையும் கூடுதலா இருந்துச்சாம். ஒரு வீட்டுக் கதைய வச்சு எதையும் நிரூபிக்க முடியாது, ஆனா கென்யாவுல சியாயா மாவட்டத்துல 10,000க்கு மேல குடும்பங்களுக்கு 1000 டாலர் குடுத்த பெரிய ஆய்வுல குழந்தை சாவு கணக்க 2025ல எடுத்து பாத்தாங்க, ஒரு வயசுக்குள்ள சாகுற குழந்தைங்க எண்ணிக்கை கிட்டத்தட்ட பாதியா குறைஞ்சிருக்கு. பணம் பிரசவ நேரத்த ஒட்டி வந்த வீட்டுல, டாக்டர் இருக்குற ஆஸ்பத்திரி பக்கத்துல இருக்குற இடத்துல பலன் அதிகம். அம்மாமார் கடைசி மாசங்கள்ல வேலைய பாதியா குறைச்சிருக்காங்க. அந்த தங்கச்சி செஞ்சது தான்.

பிள்ளைங்க விஷயத்துல இன்னும் நீளமான கணக்கு ஒண்ணு அமெரிக்காவுல இருக்கு. 1911ல இருந்து 1935 வரைக்கும் புருஷன் இல்லாத ஏழை அம்மாக்களுக்கு மாசப் பணம் குடுத்தாங்க. அன்னா ஐசரும் கூட இருந்தவங்களும் அந்த காலத்து பதிவேட்ட எல்லாம் தூசி தட்டி எடுத்து பாத்தா, பணம் கிடைச்ச வீட்டு பசங்க, விண்ணப்பிச்சு கிடைக்காம போன வீட்டு பசங்கள விட ஒரு வருஷம் போல கூடுதலா வாழ்ந்திருக்காங்க. ஒரு வருஷ ஆயுசு. குடுத்தவங்க யாரும் அத பாக்க உயிரோட இருந்திருக்க மாட்டாங்க.

இத மொபைல்ல தட்டும்போது கரண்ட் போயிடுச்சு, மிச்சம் நாளைக்கு.

புதன், தூத்தூர் – சின்னத்துறை

மார்த்தாண்டத்துல இருந்து பஸ்ஸுல வந்தேன். இந்த பக்கம் இருக்குற எட்டு மீனவ ஊரும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டி கேரள எல்லை வரைக்கும் போகுது, ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் பழைய ஏவிஎம் கால்வாய், நடுவுல நெருக்கி நெருக்கி வீடு. சுறா பிடிக்க ஆழ்கடலுக்கு வாரக்கணக்குல போற ஜனம். 2017 நவம்பர் கடைசியில ஒக்கி வந்தப்ப நடுக்கடல்ல இருந்தவங்க. அரசு இறந்தவங்க, காணாம போனவங்க குடும்பத்துக்கு முதல்ல 10 லட்சம்னு அறிவிச்சு பொறவு 20 லட்சம் ஆக்குச்சு. காணாம போனவங்கள இறந்ததா ஏத்துக்க சட்டப்படி ஏழு வருஷம் காத்திருக்கணும், இங்க அத தளர்த்தி முன்னாடியே குடுத்தாங்க.

இது இழப்பீடு, உதவித் தொகை இல்ல, ரெண்டையும் ஒண்ணா பேச எனக்கு மனசு வரல. ஆனாலும் ஒரு ஏழை வீட்டுக்கு ஒரே நாள்ல பெரிய தொகை வந்தா வருஷங்கள் கழிச்சு என்ன ஆகும்னு இங்க இருக்குற பொம்பளைங்கள விட தெரிஞ்சவங்க யாரும் இல்ல, அவங்களும் பேச தயாரா இருந்தாங்க. ஒரு அக்கா வீட்டுல ரொம்ப நேரம் இருந்தேன். "எல்லாரும் பைசா வந்ததுன்னு சொன்னாவ. எனக்கு பைசா வந்த அன்னைக்கு தான் இனி ஆளு வராதுன்னு வெளங்கிச்சு." கொஞ்ச நேரம் நாங்க ரெண்டு பேரும் ஒண்ணும் பேசல.

பொறவு அவங்களே ஒவ்வொண்ணா சொன்னாங்க. முதல்ல போட்டுக்காக வாங்குன கடன் போச்சு. ஒரு பங்கு பேங்க்ல டெபாசிட். சொந்தக்காரங்க கேட்டாங்க, புது போட்டுல பங்கு சேருன்னு கொழுந்தன் கேட்டார், அக்கா மாட்டேன்னு சொல்லி ஆறு மாசம் பேச்சுவார்த்தை இல்ல. "கடல்ல போட்ட பைசா கடலுக்கு தான், நான் பிள்ளையள படிக்க வைக்கப் போறேன்"னு நின்னுட்டாங்க. மூத்தவ நர்சிங் முடிச்சு வேலைக்கு போறா, ரெண்டாவது பையன் பாலிடெக்னிக். பக்கத்து வீட்டுல வேற மாதிரி, அங்க மொத்தமும் வீடு கட்டுனதுல போச்சு, மாடி வீடு, ஆனா கையில வருமானம் இல்ல, மகன் பதினேழு வயசுல திரும்ப கடலுக்கே போயிட்டான். ரெண்டு வீட்டுக்கும் ஒரே தொகை.

உகாண்டாவ இங்க தான் சொல்லணும். 2008ல அங்க அரசு இளைஞர் குழுக்களுக்கு ஆளுக்கு கிட்டத்தட்ட 400 டாலர் குடுத்துச்சு, தொழில் கத்துக்க, கருவி வாங்க. கிறிஸ்டோபர் பிளாட்மேன், நாதன் ஃபியாலா, செபாஸ்டியன் மார்ட்டினெஸ் நாலு வருஷம் கழிச்சு பாத்தப்ப வாங்குனவங்க வருமானம் வாங்காதவங்கள விட 38 சதவீதம் கூட. உலகமே கொண்டாடுச்சு. ஒம்பது வருஷம் கழிச்சு திரும்ப போனா ரெண்டு கூட்டமும் வருமானத்துல சமம். எங்க பெரியவர் சொன்ன பழைய குருடி கதை தானேன்னு தோணும். ஆனா வாங்குனவங்க கீழ விழல, வாங்காதவங்க மெல்ல மெல்ல கூலி வேலை சின்ன வியாபாரம்னு மேல வந்து பிடிச்சிருக்காங்க. நடுவுல அத்தன வருஷம் முன்னவங்க கூடுதலா சாப்பிட்டிருக்காங்க, அது கணக்குல இல்லையா? வீட்டுல சேந்த பொருளும் கைத்தொழிலும் ஒம்பது வருஷம் கழிச்சும் அவங்க கிட்ட கூடுதலா தான் இருந்துச்சு.

அதனால எனக்கு படுறது, வருமானத்த மட்டும் அளந்தா கொஞ்ச வருஷத்துல வித்தியாசம் கரைஞ்சு போகும். கடன் இல்லாம இருக்குறது, படிச்ச பொண்ணு, மழைக்கு ஒழுகாத கூரை, கொழுந்தன் கிட்ட மாட்டேன்னு சொல்ல முடிஞ்சது, இது எல்லாம் எந்த வருமானக் கணக்குலயும் ஏறாது. இந்த அக்கா வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் இருந்த வித்தியாசம் புத்திசாலித்தனம்னு நான் சொல்ல மாட்டேன். இவங்களுக்கு முடிவு எடுக்க ஆறு மாசம் கிடைச்சுது, டெபாசிட்ல பூட்டி வச்சிருந்தாங்க. அங்க வந்த மாசமே ஒழுகுற வீட்டுல மூணு சின்ன பிள்ளைங்க, கட்டாம என்ன செய்ய.

வியாழன், திரும்பி வர்ற வழி

வள்ளியூர் தாண்டும்போது பெரியவரே போன் பண்ணார். பணத்த விட ஆடு குடுத்தா தான் நிக்கும்னார். அவர் சொன்னதுல நியாயம் இருக்கு, அத நான் மறைக்கப் போறதில்ல. மேற்கு வங்கத்துல முர்ஷிதாபாத்துல பந்தன் அமைப்பு 2007ல பரம ஏழை குடும்பங்களுக்கு ஆடு, மாடு இல்ல சின்ன வியாபாரத்துக்கு சரக்கு, கூடவே கொஞ்ச மாசத்துக்கு சாப்பாட்டு செலவுக்கு காசு, வாரா வாரம் வீட்டுக்கு போய் பேசுற ஒரு ஆள்னு குடுத்தாங்க. பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ, கரிமா ஷர்மா பத்து வருஷம் கழிச்சு பாத்தப்பவும் அந்த குடும்பங்க மத்தவங்கள விட நல்லா இருந்தாங்க. உகாண்டாவுல கரைஞ்சது இங்க கரையல. அப்ப ஆடா பணமான்னு நாங்க அடிச்சுக்குறது முக்கியமில்ல, பரம ஏழைக்கு கூட நிக்க ஒரு ஆள் வேணும், ஏற்கனவே கைத்தொழில் இருக்குறவங்களுக்கு பணம் போதும். இத சொன்னதும் அவர் கொஞ்சம் இறங்கி வந்தார், தையல் மெஷின் போட்டோவ அனுப்பு பாப்போம்னார்.

கமிட்டிக்கு எழுதுற நோட்டுல இப்படி போட்டிருக்கேன்: குடும்பம் கிட்ட முதல்ல கேக்கணும், மொத்தமா வேணுமா மாசா மாசமா வேணுமான்னு அவங்களே சொல்லட்டும். மொத்தமா கேட்டா எந்த மாசம் வேணும்னும் அவங்களே சொல்லட்டும், பள்ளிக்கூடம் திறக்குறதுக்கு முன்னயா, பிரசவத்துக்கு முன்னயா. மாசா மாசம்னா எத்தன மாசம்னு ட்ரஸ்ட் லெட்டர்ஹெட்ல கையெழுத்து போட்டு குடுக்கணும், நடுவுல நிறுத்தக் கூடாது, கலெக்ஷன் குறைஞ்சாலும் குடும்பங்கள குறைச்சு எடுப்போமே தவிர எடுத்தவங்கள கைவிட மாட்டோம். அக்கவுண்ட் அந்த பொண்ணு பேர்ல, அந்த காசுல வாங்குற பொருள் பில்லும் அவ பேர்ல. அஞ்சாவது வருஷம் ஒரு தடவ, பத்தாவது வருஷம் ஒரு தடவ போய் பாக்கணும், அதுக்கு போக வர பஸ் செலவு இந்த வருஷ பட்ஜெட்லயே தனியா எடுத்து வைக்கணும்.

கடைசி வரிக்கு தான் கமிட்டியில எதிர்ப்பு வரும்னு நினைக்கிறேன், பத்து வருஷத்துக்கு அப்புறம் போற பஸ்ஸுக்கு இப்ப எதுக்கு காசுன்னு கேப்பாங்க. சனிக்கிழமை சாயங்காலம் மீட்டிங்.